வினாடிக்கு ஒன்பது முறை

அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் அவள் 'ஒயர் அக்கா'தான். அவளைவிட வயதில் மூத்த நர்ஸ்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். டாக்டர்களில் சிலரும், அவள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு, அப்படித்தான் சொன்னார்கள். ஆளின் தலையில் இருபத்தோரு இடத்தில் பேஸ்ட் தடவி, சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும் எலக்ட்ரோடுகளை ஒட்டி, மூளையில் ஓடுகிற மின்சாரத்தைத் திரையில் கோடு கோடாக வரவழைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. இத்தனை வருடத்தில் அவள் ஒயரைச் சிக்கவிட்டு யாரும் பார்த்ததில்லை. இருபத்தோரு ஒயரையும் ஒன்றுசேர்த்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பின்னிவிடுவதுபோல் சடையாகப் பின்னி, நுனியில் ஒரு நாடாவைக் கட்டித் தோளோரமாகத் தொங்கவிடுவாள். வேறு ஆஸ்பத்திரிகளில் இருந்து வருகிறவர்கள் அதை போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. பின்னால் வந்த கேடெல்லாம் அந்தச் சடையில் இருந்துதான் வந்தது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. வாய்க் கட்டுப்பாடு. கோட்டை எடுப்பதுதான் டெக்னீஷியனின் வேலை, கோட்டைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை. "எல்லாம் நல்லா இருக்குதா அக்கா?" என்று யார் கேட்டாலும், "டாக்டர் சொல்லுவாங்க" என்ற ஒரே வாக்கியம்தான் வரும். அழுதாலும் அதுதான், கெஞ்சினாலும் அதுதான். ஒருமுறை சொந்த மாமியாருக்கே டெஸ்ட் எடுத்துவிட்டு, "டாக்டர் சொல்லுவாங்க அத்தை" என்று சொன்னவள். மாமியார் அதற்காக ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

பன்னிரண்டாம் நம்பர் கட்டிலில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். ஒருநாள் காலை, மெஷினில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு இதயம் நின்றுவிட்டது. அதைத் திரும்ப ஓடவைப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. இதயம் ஓடியது, மூச்சு வந்தது, ஆள் மட்டும் திரும்பி வரவில்லை. இமை பாதி மூடியபடி மூன்று வாரமாகக் கிடந்தாள்.

அவளுடைய கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். தெருமுனையில் ஒரு ஆள் நிற்கிற அளவில் கடை. நாட்டுப் பூட்டில் இருந்து கார் ரிமோட் சாவி வரைக்கும் எதையும் பிரித்து மாட்டுவார். வார்டில் அவருக்கு 'சாவிக்காரர்' என்று பெயர். குழந்தை கிடையாது. மனைவியின் தங்கை ஒருத்தி இருந்தாள். அக்காதான் அவளைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, ஆளாக்கியது. சாவிக்காரரும் அந்தத் தங்கையும் முறைபோட்டுக்கொண்டு கட்டிலருகே காத்துக் கிடந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, தையல்காரம்மாவுக்கு இ.இ.ஜி. எடுக்கச் சொல்லி சீட்டு வந்தது. ஆளைக் கீழே கொண்டுவர முடியாது என்பதால் ஒயர் அக்கா தன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனாள். அந்த டெஸ்டில் ஒரு பகுதி விளக்குப் பரிசோதனை. கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் விளக்கை வைத்து மினுக்க வேண்டும். மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும். வினாடிக்கு ஒன்பது முறை மினுக்கினால், பின்மண்டையில் எழும் அலையும் ஒன்பது முறை எழுந்து விழும். பதினொன்று என்றால் பதினொன்று. தாளத்துக்குத் தலையாட்டுவதுபோல மூளை வெளிச்சத்துக்கு ஆடும். நல்ல மூளையிலும் சிலது ஆடாது, அது தனிக் கதை. ஆனால் ஆடுவதைப் பார்த்தால், பத்தொன்பது வருடம் பார்த்த கண்ணுக்கும் ஒரு சின்ன சந்தோஷம் வரத்தான் செய்யும்.

கீழே அவளுடைய அறையில் அந்த விளக்குக்குத் தனி ஸ்டாண்டு உண்டு, அதன் ஒயர் அந்தப் பக்கமாகப் போய்விடும். வார்டில் கட்டில் கம்பியில் விளக்கைக் கவ்வவைக்க வேண்டும். விளக்கின் ஒயர் கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே அரைகுறையாகத் தொங்கியது. தொங்குகிற ஒயர் என்றால் ஒயர் அக்காவுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. அதையும் சேர்த்து, இருபத்திரண்டாவது இழையாக, சடையில் பின்னிவிட்டாள். பார்க்க வெகு லட்சணமாக இருந்தது. பின்மண்டையில் வியர்வையால் இரண்டு எலக்ட்ரோடு சரியாக ஒட்டாமல் இருந்ததும் தெரியும், போதும் என்று விட்டுவிட்டாள்.

திரையில் கோடுகள் ஏறக்குறையப் படுத்தே கிடந்தன. விளக்கை ஒன்பதில் வைத்தாள். பின்மண்டைக்கான கோடுகள் இரண்டும் சட்டென்று எழுந்தன. ரம்பத்தின் பல் மாதிரி, வினாடிக்கு ஒன்பது. நிறுத்தினாள், படுத்துவிட்டன. போட்டாள், எழுந்தன.

சாவிக்காரர் அப்போது கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தார். முறைப்படி அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும்.

"அக்கா, இப்ப ஏதோ மாறுச்சே! அது என்ன?"

'டாக்டர் சொல்லுவாங்க' என்பது நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் மூன்று வாரமாக மழிக்காத முகத்தோடு, திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"பாருங்கண்ணே, நான் வெளிச்சம் போடப்போட அவங்க மூளை கூடவே வருது. ஒன்பதுன்னா ஒன்பது. உள்ள இருந்து பதில் வருது."

"அப்ப அவ உள்ள இருக்காளா?"

"இருக்காங்க."

இரக்கம்தான். ஆனால் இரக்கம் மட்டும் என்று சொன்னால் பொய். 'டாக்டர்களுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட்டேன்' என்ற குஷியும் அதில் சரிபாதி இருந்தது.

இப்படி அலை எழுந்தால் அடுத்து செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. கண்ணைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, அதே விளக்கை மறுபடி போட வேண்டும். வெளிச்சம் உள்ளே போகாதபோது அலை நின்றுவிட்டால் அது மூளை. நிற்காவிட்டால் அது வேறு ஏதோ கோளாறு. துணி அவளுடைய கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. சாவிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் துணியை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"எத்தனை தடவை மினுக்கணும் அக்கா? ஒன்பதா?" என்று மட்டும் போகும்போது கேட்டார்.

"ஒன்பதுல நல்லா வருதுண்ணே."

நாலே நாளில் அவர் ஒரு விளக்கு செய்துகொண்டு வந்தார். பழைய டார்ச்சுக்குள் கார் ரிமோட்டின் பாகங்களைப் பொருத்தி, வினாடிக்குச் சரியாக ஒன்பது முறை மினுக்கும்படி. கட்டில் கம்பியில் ஒரு நாடாவைக் கட்டி, அதில் டார்ச்சைச் செருகி மனைவியின் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டு, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருவார். "கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார். ஒயர் அக்கா அந்தப் பக்கம் போனால் எழுந்து நிற்பார். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று அவளும் மனசுக்குள் பூரித்துப்போவாள்.

இடையில் வார்டைப் பார்க்கிற நரம்பியல் டாக்டரம்மா சாவிக்காரரையும் மைத்துனியையும் உட்காரவைத்து, எதையும் மறைக்காமல் பேசினார். ஆள் திரும்பி வருவதற்கு அறிகுறி ஒன்றுமே இல்லை, இனிமேல் மூச்சுக்குக் கழுத்திலும் சாப்பாட்டுக்கு வயிற்றிலும் ஓட்டை போட்டுத் துன்பப்படுத்தாமல் நிம்மதியாகப் போகவிடலாம் என்றார். தங்கை அழுதுகொண்டே சம்மதித்தாள். சாவிக்காரர் எழுந்துவிட்டார்.

"டாக்டருங்க கையக் கழுவத்தான் பாப்பாங்க. ஒயர் அக்கா எனக்குக் கண்ணாலயே காட்டினாங்க. அவ உள்ள இருக்கா."

கழுத்து ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். வராந்தாவில் வைத்து மைத்துனியைப் பார்த்து, "உன்னைத் தூக்கி வளர்த்தவளை உசிரோட புதைக்கச் சொல்றியா? இனி என் மூஞ்சியிலயே முழிக்காத" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெண் மதியத்தில், அவர் சாப்பிடக் கீழே போகிற நேரம் பார்த்து, திருட்டுத்தனமாக வந்துவிட்டுப் போவாள்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு புதன்கிழமை மறுபடி இ.இ.ஜி. எடுக்கச் சீட்டு வந்தது. ஒயர் அக்கா போனாள், ஒட்டினாள், முதல் தடவைபோலவே விளக்கு ஒயரையும் சேர்த்துச் சடை பின்னினாள். தையல்காரம்மாவின் கண் காய்ந்து புண்ணாகிவிட்டது என்று நர்ஸ் அன்று மருந்து தடவி, இரண்டு கண்ணிலும் கனமாகப் பஞ்சு வைத்துக் கட்டுப்போட்டிருந்தாள். கட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால், விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒயர் அக்கா பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒன்பது பல் எழுந்தது.

பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போக வழியில்லை. விளக்கை அணைத்தாள், கோடு படுத்தது. போட்டாள், எழுந்தது. பதினொன்றுக்கு மாற்றினாள், பதினொன்று. முதல் தடவையும் இது இப்படித்தான் வந்திருக்கும் என்பது அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே சாவிக்காரர் காத்திருந்தார். "வருதா அக்கா?"

"டாக்டர்... டாக்டர் சொல்லுவாங்கண்ணே."

"தெரியும் தெரியும். ரூல்ஸ்" என்று சிரித்து, ஏதோ இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் போலக் கண்ணடித்தார்.

மறுநாள் வேலைக்கு வரும்போது ஒரு தர்பூசணி வாங்கினாள். பைத்தியம் பிடித்துவிடவில்லை. மெஷின் புதிதாக வந்த காலத்தில் கம்பெனிக்காரர் ஒரு தர்பூசணியில் ஒயரை ஒட்டித்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டினார். தலை அளவுக்கு உருண்டை, உள்ளே தண்ணீர், மூளை மட்டும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, பழத்தை நோயாளியின் நாற்காலியில் உட்காரவைத்தாள். டேப்பால் அளந்து, பேனாவால் இருபத்தோரு புள்ளி வைத்து, பேஸ்ட் தடவி ஒட்டினாள். பின்பக்கம் இரண்டை மட்டும் அன்றுபோல அரைகுறையாக விட்டாள். வார்டில் செய்ததுபோல விளக்கின் ஒயரையும் சேர்த்துச் சடை பின்னினாள். விளக்கை ஒன்பதில் வைத்தாள்.

பழம் பதில் சொன்னது. ஒன்பதுக்கு ஒன்பது, பதினொன்றுக்குப் பதினொன்று. எந்த மனித மூளையும் அத்தனை ஒழுங்காகப் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை.

விளக்கு ஒயரில் ஓடுகிற மின்சாரத் துடிப்பு, சடையில் ஒட்டி உரசிக் கிடக்கும் மற்ற ஒயர்களில், அதுவும் சரியாக ஒட்டாத இரண்டில், தாவி ஏறுகிறது. அவ்வளவுதான் விஷயம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். விளக்கு ஒயரைத் தலை ஒயர்களுக்குப் பக்கத்தில் விடாதே. அவள் பக்கத்தில் விடவில்லை, பின்னியே விட்டாள். சடை அழகாக இருக்கிறது என்று இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தும் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் போனாள். சடையைச் சொன்னாள், ஒயரைச் சொன்னாள்.

"அது ஒயர் வேலைதான்னு நான் அன்னைக்கே பாத்துட்டேன். ரிப்போர்ட்ல கணக்குலயே எடுத்துக்கல" என்றார் டாக்டரம்மா, பேனாவை நிறுத்தாமல். "உங்க கைல இப்படி வராதேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. கேக்கணும்னு நெனச்சு மறந்துட்டேன். அப்படியே நெசமா வந்திருந்தாலும் என்ன? வெளிச்சம் போய்ச் சேந்துச்சுன்னுதான் அர்த்தம். அவங்க பாத்தாங்கன்னு அர்த்தமில்ல. இதுக்குப் போய் முகத்தை இப்படி வெச்சிருக்கீங்களே, விடுங்க."

கணவரிடம் தான் சொன்னதை ஒயர் அக்கா சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கிவிட்டாள். பாதித் தப்பைச் சொல்லி முழு மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆக, காகிதத்தில் ஒரு பிழையும் இல்லை. திருத்துவதற்கு ஒரு ரிப்போர்ட்கூட இல்லை. பிழை முழுவதும் அவள் வாயில் இருந்து விழுந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அதை எடுக்க அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அன்று அவருக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது, பாவம் என்று விட்டாள். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை அவர் லிப்டுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டுப் படியேறினாள். செவ்வாய்க்கிழமை நிஜமாகவே சொல்வதற்கென்று வார்டு வாசல்வரை போனாள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். டார்ச் துடித்துக்கொண்டிருந்தது. "இங்க பாரு, இங்க பாரு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒயர் அக்கா வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டாள். நர்ஸ்களின் கழிவறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் கையை மட்டும் மூன்று தரம் கழுவினாள். இத்தனைக்கும் வருகிற வெள்ளிக்கிழமை தையல்காரம்மாவுக்கு வயிற்றில் ஓட்டைபோட்டுக் குழாய் வைப்பதாக நாள் குறித்திருந்தது அவளுக்குத் தெரியும். அதற்குள் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். தெரிந்துதான் புதன்கிழமையையும் கழித்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, அவளுடைய அறைக் கதவைத் தட்டிக்கொண்டு சாவிக்காரரே வந்து நின்றார். முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"நாளைக்குக் குழாய் வைக்கிறாங்க அக்கா. சாயந்திரம் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னால உங்களைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." பையில் இருந்து ஒரு புதுச் சாவியை எடுத்தார். "போன மாசம் சொன்னீங்களே, இந்த பீரோ சாவி தொலைஞ்சுபோச்சு, பூட்டவே முடியலன்னு. அன்னைக்கே பூட்டைப் பாத்து மனசுல அளவெடுத்துட்டேன். உங்களுக்கு நான் வேற என்ன செய்யப்போறேன்?"

ஒயர் அக்கா பீரோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "இப்ப வேணாம்ண்ணே. அப்புறம் நானே போட்டுப் பாக்குறேன்."

"நமக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தள்ளுங்க."

சாவியைப் போட்டுப் பூட்டினார். திறந்தார். இன்னொரு தரம் பூட்டித் திறந்தார். பிறகு, தன் வேலையில் திருப்தி வந்தவர், கதவு இரண்டையும் ஜோராக விரியத் திறந்துவிட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் தர்பூசணியை பீரோவில் மறைத்திருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனமில்லை, குப்பையில் போடவும் பயம். நடுத்தட்டில் அது உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் பேனாப் புள்ளி, புள்ளிக்கு மேல் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த பேஸ்ட்.

சாவிக்காரர் சிரித்துவிட்டார். மூன்று மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "என்னக்கா, பழத்துக்கும் டெஸ்டா? இதுக்கு என்ன வியாதி?"

அவளும் சிரித்துச் சமாளித்திருக்கலாம். 'பழகுறதுக்குண்ணே' என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையும் நாக்கில் வந்து நின்றது. ஆனால் அந்தப் புதுச் சாவி பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"உக்காருங்கண்ணே" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணில் இருந்த கட்டு, பழம், சடை.

அவருக்கு முதலில் புரியவில்லை. "அப்ப மெஷின் கோளாறு. வேற மெஷின்ல எடுத்தா சரியா வரும் இல்லையா?"

"மெஷின் கோளாறு இல்லண்ணே. என் கோளாறு."

அவர் கொஞ்ச நேரம் பழத்தையே பார்த்தார். "மாட்டிக் காட்டுங்க."

"வேணாம்ண்ணே."

"நான் பூட்டுக்காரன். பாக்காம எதையும் நம்ப மாட்டேன். அன்னைக்கும் பாத்துத்தான் நம்பினேன்."

பழத்தை எடுத்து நாற்காலியில் வைத்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒயர்கள் ஒன்றோடொன்று சிக்கின. அவர் மனைவியின் இடத்தில் ஒரு பழத்தை வைத்து, அவர் கண் முன்னாலேயே ஒட்டுவதைவிட அவள் அம்மணமாகத் தெருவில் நடந்திருப்பாள். ஒட்டி, பின்னி, விளக்கைப் போட்டாள். ஒன்பது பல் எழுந்தது.

சாவிக்காரர் சட்டைப் பையில் இருந்து தன்னுடைய டார்ச்சை எடுத்தார். அவளுடைய விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, தன்னுடையதைப் பழத்தின் முன்னால் பிடித்தார். அதுவும் ஒன்பதுதான், குறைவில்லாமல் துடித்தது. கோடு அசையவே இல்லை.

"என் விளக்குக்கு ஒண்ணும் வரலையே."

"உங்க விளக்குல ஒயர் இல்லண்ணே."

டார்ச்சை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அவள் விளக்கை அவரே போட்டார். குனிந்து, சடைக்குள் விரலைவிட்டு, விளக்கின் ஒயரை மட்டும் நிதானமாக உருவி எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. திரையில் கோடு படுத்துவிட்டது. திரும்பச் சடையோடு சேர்த்து வைத்தார், எழுந்தது.

"தேஞ்சுபோன பூட்டு எந்தச் சாவி போட்டாலும் திறக்கும் அக்கா" என்றார், திரையைப் பார்த்தபடியே. "சாவி செஞ்சு குடுத்தா, அந்தச் சாவிக்குத் திறந்தா மட்டும் போதாது. வேற சாவி ஒண்ணு போட்டு, திறக்காம இருக்குதான்னும் பாக்கணும். நான் பாக்காம யாருக்கும் குடுக்க மாட்டேன். நீங்க அன்னைக்குத் தப்புச் சாவி போட்டுப் பாக்கலையா?"

"பாக்கலண்ணே. அதுக்குன்னே துணி ஒண்ணு இருக்கு. பையிலதான் இருந்துச்சு."

"ஏன்?"

"உங்க முகத்தைப் பாத்தேன்."

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"போன... போன புதன்கிழமை."

கறுத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். "எட்டு நாள்" என்றார். அப்போதுதான் அவர் குரல் மாறியது. "தப்பு யாருக்கு வரல? எனக்கும் வந்திருக்கு. ஆனா செவ்வாக்கெழமை நீங்க வாசல்ல வந்து நின்னதை நான் பாத்தேன் அக்கா. ஜன்னல் கண்ணாடியில தெரிஞ்சீங்க. நான் சரியாச் செய்றேனான்னு பாக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சு, இன்னும் கொஞ்சம் நிமிந்து உக்காந்தேன்."

ஒயர் அக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும்போல இருந்தது. பிளக்கவில்லை. பூமி யாருக்காகவும் அப்படிப் பிளப்பதில்லை.

சுவரில் மணி பன்னிரண்டு ஆகப்போனது. சாவிக்காரர் எழுந்தார்.

"இந்நேரம் என் மச்சினி வந்திருப்பா. நான் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வருவா, எனக்குத் தெரியும். வாங்க. அவகிட்ட நீங்களே சொல்லுங்க. உங்க ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு அவளை நான் பேசாத பேச்செல்லாம் பேசியிருக்கேன்."

படியேறும்போது அவர் முன்னால் போனார். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில் தங்கை அக்காவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். மாமாவைப் பார்த்ததும் நகவெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"இதோ போயிடறேன் மாமா. அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு."

"போகாத. உக்காரு." ஒயர் அக்காவைக் காட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களுக்குத் துணையிருந்தவர்கள், மருந்து வண்டியோடு வந்த நர்ஸ் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் டெஸ்ட் எடுத்தவள். 'டாக்டர் சொல்லுவாங்க' என்று எல்லோரிடமும் சொன்னவள். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இருக்கவில்லை. ஒயரைச் சொன்னாள், துணியைச் சொன்னாள், எட்டு நாளையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவள் கண் தரையில் இருந்தது.

அந்தப் பெண் கத்தவில்லை. அக்காவின் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப... கழுத்துல ஓட்டை போட்டப்ப அக்காவுக்கு வலிச்சிருக்காதா?"

ஒயர் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க உள்ள இருக்காங்கன்னு சொன்னதா மாமா சொன்னாரு. அன்னையில இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. உள்ள இருந்துகிட்டே, கத்தவும் முடியாம, எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு இருக்காளோன்னு. சொல்லுங்கக்கா. வலிச்சிருக்காது இல்ல?"

அவருக்கு நம்பிக்கையாகப் போன அதே வார்த்தை இவளுக்கு இரண்டு மாதமாக எதுவாக இருந்தது என்று ஒயர் அக்கா நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. 'வலிச்சிருக்காதும்மா.' ஒரே வார்த்தை. சொன்னால் அந்த முகம் மலர்ந்துவிடும். அன்று அவர் முகம் மலர்ந்ததுபோலவே மலரும். சொல்லிவிடத் துடித்தது நாக்கு.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "டாக்டர்தான் சொல்லணும்."

பத்தொன்பது வருடமாகப் பெருமையோடு சொன்ன வாக்கியம். அன்று அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

சாவிக்காரர் கட்டிலுக்கு அந்தப் பக்கமாகப் போய், டார்ச் செருகுவதற்காகக் கம்பியில் கட்டியிருந்த நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். இரண்டு மாத முடிச்சு, இறுகிப்போயிருந்தது. எந்தப் பூட்டையும் திறக்கிற விரல்களுக்கு அது வசப்படவில்லை. மைத்துனி எழுந்து போய், நகவெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஒயர் அக்காவை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.